முத்தல் இலையும் செல்வராணியின் மானமும்

கொழுந்துக் கூடையின் கயிறு என் தலையில் ஏறியபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பெயருக்கு முன்னால் கலாநிதிப் பட்டம் ஒட்டிக்கொண்டும் சில வருடங்கள் ஆகியிருந்தன. மழைக்கோட்டுக்கு மேல் கூடை, காலில் ஹட்டனில் வாங்கிய புதுச் சப்பாத்து, மூக்கின் நுனிவரை வழுக்கி வந்துவிட்ட கண்ணாடி. அதைத் தூக்கிவிடக் கை இல்லை. இரண்டு கையும் கயிற்றைப் பிடித்திருந்தன.

"நேரா நட புள்ள. கூடைய ஆட்டாத," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் செல்வராணி.

அவள் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். மற்றவர்கள் முன்னால் என்னை மிஸ் என்பாள். தனியே இருந்தால் ஜெசி, புள்ள, கழுதை என்று வாயில் வருவதெல்லாம் என் பெயர்தான்.

நாங்கள் போன பாதை கொழுந்து மடுவத்தை ஒட்டிப் போகிறது. மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. மதிய நிறுவைக்கு இருபது முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் செல்வராணியோடு பல வருடம் மலையில் நின்றவர்கள். எங்கள் இரண்டு கூடைகளிலும் இருந்தது தடித்துக் கறுத்த முத்தல் இலை. எந்தக் கொழுந்துக்காரியும் பறித்த உடனே முறித்துத் தூர எறிகிற இலை.

செல்வராணியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்தக் கொட்டகையைக் கடந்த கதையைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு பௌதிகவியல் விரிவுரையாளருக்கு முத்தல் இலையோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பூட்டிய ஸ்டோரில் ஒரு பல்கலைக்கழகம்

எங்கள் விவசாயப் பல்கலைக்கழகம் கொத்மலைப் பக்கம் ஒரு மேட்டில் இருக்கிறது. முதலில் அது தேயிலைத் தொழிற்சாலையாக இருந்தது. தோட்டத்துப் பேச்சில் அதை ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரைப் பூட்டிவிட்டுக் கம்பெனி போனபின் சில வருடம் குருவிகள் குடியிருந்தன. பிறகு யாரோ அங்கே வெளிக்கள உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த ஆரம்பித்தார்கள். அது வளர்ந்து கல்லூரியாகி, பட்டம் கொடுக்கும் தகுதி பெற்று, ஒரு நாள் வாசலில் மூன்று மொழியில் பெயர்ப்பலகையும் ஏறிவிட்டது.

அந்த 'யாரோ' யார் என்பதில் இன்றைக்கும் மூன்று கட்சி உண்டு. ஹட்டனில் தேநீர்க்கடையில் நின்று கேட்டால் ஒரு பாடசாலை அதிபர் என்பார்கள். எங்கள் மாதா கோயிலில் கேட்டால் ஒரு பாதிரியார். வலப்பனையில் கேட்டால் நெல் ஆராய்ச்சி செய்த ஒரு சிங்கள ஐயா. மூன்று பேருடைய உறவினர்களும் ஆண்டு விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்து முறைப்பார்கள். எனக்கு அதில் ஒரு வழக்கும் இல்லை. மூன்று பேரும் சேர்ந்தே செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கொழுந்து வாட்டும் மாடியில் முதல் வகுப்புகள் நடந்தன. பலகைத் தளம் என்பதால் யாராவது பிந்தி வந்தால் வகுப்பு முழுவதும் ஆடும். மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் விரிவுரை கேட்காது. கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நிற்கவேண்டும். கொழுந்து அரைத்த கூடம் மண்ணியல் ஆய்வுகூடமானது. தூள் சலித்த அறை நூலகம். இன்றும் அங்கே பழைய புத்தகத்தைத் தட்டினால் தும்மல் வரும், கூடவே தேயிலை வாசனையும் வரும்.

பௌதிகவியலை எங்கே வைப்பது

நான் அங்கே சேர்ந்த அன்று பீடாதிபதி என்னைக் கூட்டிக்கொண்டு கட்டிடம் முழுவதும் சுற்றினார். வலப்பனைக்காரர், சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், சிரிக்காமல் பகிடி விடுவார்.

"மிஸ், இங்க மண் இருக்குது, மாடு இருக்குது, தேயிலை இருக்குது. எல்லாத்துக்கும் இடம் குடுத்தாச்சு. பௌதிகவியல எங்க வைக்கிறது?"

கடைசியில் பழைய உலர்த்தும் இயந்திரம் நின்ற அறையைக் கொடுத்தார். இயந்திரம் போய்விட்டது. அதைத் தாங்கிய கருங்கல் மேடை மட்டும் தங்கிவிட்டது. அது எனக்கு அதிர்ஷ்டம். அந்த மேடையில் வைத்தால் என் தராசு ஆடாது. கட்டிடத்தில் ஆடாத இடம் அது ஒன்றுதான்.

நான் செய்தது நானோத் துகள் ஆராய்ச்சி. பயப்படவேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொருளை நுணுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு அதன் குணம் மாறத் தொடங்கும். ஒளியை உறிஞ்சும் விதம் மாறும், மின்சாரத்தை விடும் விதம் மாறும். தலைமுடியின் தடிப்பில் ஆயிரக்கணக்கான துகள்களை அடுக்கலாம் என்கிற அளவுக்குப் போனால்தான் இந்த வேடிக்கை.

தேயிலைச் செடிக்கு நாகம், அதாவது துத்தநாகம் என்கிற உலோகச் சத்து தேவை. அதை இலையில் தெளிப்பது தோட்டத்தில் வழக்கம். நாகத்தை நானோத் துகளாக்கித் தெளித்தால் எப்படியிருக்கும் என்பது எங்கள் கேள்வி. அந்தத் துகளை உண்டாக்குவதற்குத் தேயிலையையே அவித்த சாற்றைப் பாவிக்கலாம். சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் துகள்களைப் பருக்கவிடாமல் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பிறகு உலர்த்திச் சூளையில் சுட்டால் வெள்ளைத் தூள் கிடைக்கும்.

நல்ல கொழுந்தை இதற்கு அவித்தால் தோட்டம் சிரிக்கும். அதனால் வீணாகப் போகிற முத்தல் இலையில் செய்து காட்டுகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். என் முழு ஆராய்ச்சியும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது.

செல்வராணிக்கு இதையெல்லாம் விளக்கியபோது தூளை விரலில் தொட்டுப் பார்த்தாள்.

"பவுடர் மாதிரித்தான் இருக்கு. பேரு மட்டும் பெருசா வச்சிருக்கீங்க," என்றாள்.

சொன்ன பேச்சுக் கேட்காத கோடுகள்

எங்களிடம் இருந்த ஒரே பெரிய கருவி ஒளியை அளப்பது. தூளைத் தண்ணீரில் கலக்கி உள்ளே வைத்தால் திரையில் ஒரு கோடு வரையும். துகள் சின்னதாக இருந்தால் கோடு ஒரு பக்கம் நகரும், பெரிதாக இருந்தால் மறுபக்கம். ஒரே மாதிரிச் செய்த தூள்களுக்குக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழவேண்டும்.

விழவில்லை. நாலு நாள் ஒழுங்காக வரும். ஐந்தாம் நாள் குடிகாரன் வீட்டுக்கு வருவது மாதிரி எங்கேயோ போய் நிற்கும். பிறகு மறுபடி ஒழுங்காகும்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தண்ணீரைத் திட்டினேன். மின்சாரத்தைத் திட்டினேன். கருவி விற்றவரைத் தொலைபேசியில் பிடித்துத் திட்டினேன். போத்தல்களைச் சரியாகக் கழுவவில்லை என்று செல்வராணியையும் மாணவர்கள் முன்னால் திட்டினேன். அவள் எல்லாவற்றையும் மூன்று தடவை மறுபடி கழுவி வைத்தாள். இதை எழுதும்போது கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்தின் சின்னப் பிரிவுகளைப் பரிசீலிக்க ஒரு குழு வருகிறது. பௌதிகவியல் பிரிவு ஒரே முடிவைத் திரும்பத் திரும்பக் காட்டமுடியுமா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் பிரிவை மூடி, அறையை மண்ணியலுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பீடாதிபதி கடிதத்தை என் முன்னால் வைத்தார். அன்றைக்குப் பகிடி விடவில்லை.

"மிஸ்ஸுக்கு வேற பாடம் குடுக்கலாம். அது ஹரி, பரவாயில்ல. ஆனா செல்வராணி? அவங்க தற்காலிகம். பிரிவு போனா அவங்களும் போகணும்."

போகணும் என்றால் மறுபடியும் மலைக்கு. பதினெட்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டு முழங்கால் வலியோடு இறங்கி வந்தவள். இந்த வேலைக்கு நேர்முகத்துக்கு வந்தபோது என்னைத் தெரியாதவள் போலவே உட்கார்ந்திருந்தாள். தெரிந்தவள் என்று வேலை கொடுத்ததாக யாரும் என்னைப் பேசிவிடக் கூடாதாம்.

வேலியோரத்துக் குவியல்

கோடுகளையெல்லாம் சுவரில் ஒட்டித் திகதி எழுதினேன். பக்கத்தில் செல்வராணி மாட்டியிருந்த மாரியம்மன் படக் கலண்டர். தான் லீவு எடுத்த நாட்களை அவள் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். தீமிதி, கிளினிக், மகளின் பரீட்சை. நான் தேநீர் குடித்துக்கொண்டே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். கோடு தறிகெட்ட நாளெல்லாம் சிவப்பு வட்ட நாள்.

அவள் கை ராசி என்று நம்புவதற்கு என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் மறுநாள் காலையில் அவள் இலை பறிக்கப் போனபோது நானும் போனேன். எங்கள் பல்கலைக்கழக வளவிலேயே படிப்பிப்பதற்காக வைத்திருக்கும் சில தேயிலை நிரைகள் உண்டு. அங்கிருந்துதான் அவள் தினமும் ஒரு பை நிறைய இலை கொண்டுவருவாள். அவள் லீவு என்றால் மாணவர்கள் போய்ப் பறிப்பார்கள்.

அவள் கை செடியின் மேல் ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு இலையும் மொட்டும் பைக்குள் போயின. முத்தல் இலை வந்தால் விரல் தானாகவே முறித்து வேலிப் பக்கம் எறிந்தது. வேலியோரத்தில் காய்ந்தும் காயாமலும் பெரிய குவியலே இருந்தது.

"என்னாடி இது?"

"முத்தல்."

"பையில இருக்கிறது?"

"கொழுந்து. பாத்தா தெரியலயா? தோட்டத்துப் புள்ளதானே நீ."

"நான் ஒங்கிட்ட என்னா கேட்டேன் செல்வராணி?"

"முத்தல் இலை கேட்ட." அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. "நல்லதக் கேக்க ஒனக்குக் கூச்சம்னு நெனச்சேன். கூடப் படிச்சவ, மொத மொதல்ல ஒரு வேலை சொல்றா. அதுக்குப் போயி முத்தலயா குடுப்பேன்? நாளைக்கு நாலு பேரு பாத்தா, இவ கையி இவ்வளவுதான்னு சொல்ல மாட்டாங்களா?"

நான் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. மாணவர்கள் சொன்னபடி முத்தலைக் கொண்டுவந்தார்கள். செல்வராணி என் மேல் வைத்த பாசத்தில் கொழுந்தைக் கொண்டுவந்தாள். இளங்கொழுந்தில் துவர்ப்புப் பொருள் அதிகம், அதனால் துகள் சின்னதாக வந்தது. என் கருவி முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா நான் தூக்கிப் போட்டதுதான் ஒனக்கு வேணுமா? என்னால தப்பாப் போச்சா?"

"ஒன்னால இல்ல. நான் ஒரு நாளாவது பையத் தொறந்து பாத்திருக்கணும்."

அதுதான் உண்மை. என் அம்மாவும் கொழுந்துக்காரி. நிறுவை நேரத்தில் கணக்கப்பிள்ளை அம்மாவின் கூடைக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கிளறி, முத்தலாகப் பொறுக்கி வெளியே போடுவார். எல்லோரும் பார்க்கப் போடுவார். வீட்டுக்கு வரும்வரை அம்மா யாரோடும் பேசமாட்டாள். முத்தல் இலை கொடுப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பல்கலைக்கழகத்து வாசலுக்குள் நுழைந்ததும் எப்படியோ மறந்துவிட்டேன்.

மடுவத்தைக் கடந்து

குழு வர ஒரு வாரமே இருந்தது. முத்தல் இலையில் மூன்று நாள் தொடர்ந்து புதிதாகத் தூள் செய்யவேண்டும். எங்கள் நிரைகளில் செல்வராணியின் கை முத்தலை மிச்சம் வைத்திருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பறிப்பை நிறுத்தி வைத்திருந்த ஒரு மலை இருந்தது. அந்தத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி கிடைத்தது. அந்த மலையிலிருந்து இறங்குவதற்கு ஒரே பாதைதான். அது மடுவத்தை ஒட்டி.

"நான் வர மாட்டேன்," என்றாள் செல்வராணி. "வேற என்னா வேணும்னாலும் சொல்லு. முத்தலக் கூடையில வச்சிக்கிட்டு அவங்க முன்னால நான் போக மாட்டேன்."

"மூடிக்கிட்டுப் போகலாம்."

"கூடைய மூடிக்கிட்டு எவ போவா? திருடின மாதிரி இருக்கும்."

வேலை போய்விடும் என்று சொன்னேன். அது அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. பீடாதிபதியின் அறைச் சுவர் பலகைதான். அவள் சொன்ன பதில், வேலை போனால் மலையில் அதே பெண்களோடுதான் நிற்கவேண்டும், மானமும் சேர்ந்து போனால் எப்படி நிற்பது என்பது.

கடைசியில் வாய் தவறிச் சொன்னேன். "நானும் ஒரு கூடை தூக்குறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "நீதான் முன்னால போகணும்," என்றாள்.

இந்தக் கயிறு உன் தலையில் ஏறக்கூடாது என்று சொல்லிச் சொல்லி என்னைப் படிக்க வைத்தவள் என் அம்மா. அன்றைக்கு அவள் ஹட்டனில் தம்பி வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆகவே மறுபடியும் அந்தப் பாதை, அந்த மதியம். மூக்கின் நுனியில் கண்ணாடி. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி எட்டி என் கூடைக்குள் பார்த்தாள்.

"ஐயோ மிஸ், யாரு ஒங்களுக்குப் பறிக்கச் சொல்லிக் குடுத்தது?"

"செல்வராணிதான்," என்றேன்.

வரிசை முழுவதும் சிரித்தது. பின்னாலிருந்து செல்வராணி என் கூடையில் ஒரு குத்து விட்டாள். பிறகு அவளே வாய் திறந்தாள். இது பரிசோதனைக்கு, முத்தல்தான் வேணும், இதிலிருந்துதான் செடிக்கு மருந்து வரப்போகுது, ஒரு மயிர் தடிப்புல ஆயிரக்கணக்குல துகள் நிக்கும் என்று ஒரு விரிவுரையே கொடுத்தாள். நான் வகுப்பில் சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது. கணக்கப்பிள்ளை நிறுவையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு நாளும் அந்தப் பெண்களே முத்தலை முறித்து எங்களுக்கென்று பாதையோரம் குவித்து வைத்தார்கள்.

இரண்டு வினாடி

குழுவில் மூன்று பேர். தலைவி கொழும்பில் பெயர் பெற்ற ஒரு பேராசிரியை, தமிழர், அதிகம் பேசாதவர். அவர் முன்னாலேயே மூன்று நாள் தூள்களையும் கருவியில் வைத்தேன். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. பழைய கொழுந்துத் தூள்களையும் வைத்தேன். அவையும் தங்களுக்குள் ஒன்றாகி, தள்ளி ஒரு கட்டாக நின்றன.

"இளம் இலை, முத்தல் இலை ரெண்டையும் ஒப்பிட்டிருக்கிறீங்க," என்றார் தலைவி. "இலையின்ட வயசைப் பொறுத்துத் துகளின்ட அளவை மாத்தலாம் என்று காட்டுது. நல்ல திட்டம்."

"நன்றி," என்றேன்.

சொல்லிவிட்டேன். என்னவோ நானே எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்ததைப் போல. இரண்டு வினாடி இருக்கும். மூலையில் செல்வராணி ஏற்கனவே சுத்தமாக இருந்த ஒரு போத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் திட்டிய அன்றிலிருந்து அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

"அது என் திட்டம் இல்லை மேடம்," என்றேன். முழுக் கதையையும் சொன்னேன். வேலியோரத்துக் குவியல், கலண்டர், போத்தல் கழுவவில்லை என்று நான் கத்தியது, எல்லாம். பீடாதிபதி கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவி எழுந்து செல்வராணியிடம் போனார்.

"ஒவ்வொரு நாளும் நீங்க பறிச்ச கொழுந்து ஒரே மாதிரி இருந்ததா?"

"பதினெட்டு வருசம் பறிச்ச கைங்க மேடம். ரெண்டு இலை, ஒரு மொட்டு. மாறாதுங்க."

தலைவி திரையைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் கோடுகளில் மிகவும் நெருக்கமாக விழுந்திருந்தது செல்வராணியின் கொழுந்துக் கட்டுதான். முத்தல் கட்டில்கூட ஒரு மயிரிழை விலகல் இருந்தது.

"இந்தக் கையை விட்டுடாதீங்க," என்று பீடாதிபதியிடம் சொல்லிவிட்டு, தேநீர் குடிக்கப் போனார்.

பிரிவு தப்பியது. செல்வராணியின் நியமனம் நிரந்தரமான கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. அதை அவள் ஆய்வுகூடத்தில் வாசிக்கவில்லை. மத்தியானம் மடுவத்துக்குக் கொண்டுபோய் அங்கே கணக்கப்பிள்ளையை வாசிக்கவைத்தாள். கட்டுரை அச்சானபோது அதில் அவள் பெயரும் இருந்தது. என் பெயரைவிட அவள் பெயரின் எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

இப்போது வாரத்துக்கு இரண்டு பை வருகிறது. ஒன்றில் கொழுந்து, ஒன்றில் முத்தல். ஆனால் முத்தல் பையின் மேல் இன்றைக்கும் இரண்டு பிடி நல்ல கொழுந்தைப் பரப்பித்தான் கொண்டுவருகிறாள். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். வழியில் நாலு பேர் பார்ப்பார்களாம்.

அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கருங்கல் மேடையில் பையை வைத்து, முழங்கைவரை கையை விட்டுக் கிளறுகிறேன். அம்மாவின் கூடையைக் கிளறிய அந்தக் கணக்கப்பிள்ளையைப் போலவேதான். நல்ல கொழுந்தாகப் பார்த்துப் பொறுக்கி, எல்லோரும் பார்க்க வெளியே போடுகிறேன். செல்வராணி இடுப்பில் கை வைத்துப் பக்கத்தில் நின்று, பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.